3 கிலோவாட் சோலார்... உச்சி வெயிலில் 2.2தான் காட்டுதா? பேனல் சூட்டை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்!

வெயில் மண்டையைப் பிளக்குது, அப்போ சோலார் மின்சாரம் பிச்சுக்கிட்டு வரணுமே என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் மே மாத மதியம் 12 மணிக்குச் செல்போன் ஆப்பைத் திறந்தால், மாடியில் இருப்பது 3 கிலோவாட், திரையில் தெரிவது 2.2 கிலோவாட். உடனே வரும் சந்தேகம்: 'நம்மள ஏமாத்திட்டாங்களோ?'

பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. 1 கோடி வீடுகளுக்கு மொட்டை மாடி சோலார் என்பது அதன் இலக்கு. 3 கிலோவாட் அமைத்தால் ரூ.78,000 வரை மத்திய அரசின் மானியம் உண்டு. இதனால் சோலார் வீடுகள் பெருகப் பெருக, இந்தச் சந்தேகமும் பெருகுகிறது. நிறுவிக் கொடுத்தவரிடம் கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: 'வெயில் அதிகம் சார், சூட்டுல குறையத்தான் செய்யும்.'

இந்தப் பதில் உண்மையா, சாக்கா? இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. எது என்று கண்டுபிடிக்கப் பேனல் எவ்வளவு சூடாக இருக்கும் என்று தெரிந்தால் போதும். மாடி ஏறாமல், வானிலைத் தகவலை வைத்தே அதைக் கணக்கிடலாம்.

லேபிளில் உள்ள வாட் எங்கிருந்து வந்தது?

பேனலின் பின்புறம் 540 வாட் என்று போட்டிருந்தால், அது தொழிற்சாலைச் சோதனையில் கிடைத்த எண். உலகம் முழுக்க அந்தச் சோதனைக்கு ஒரே விதி: சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழ வேண்டும், பேனலுக்குள் இருக்கும் செல்லின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டிய சொல் 'செல்'. காற்று 25 டிகிரி என்று விதி சொல்லவில்லை, செல் 25 டிகிரி என்கிறது. ஒரு நொடிக்கும் குறைவாக ஒளியைப் பாய்ச்சி அளந்து விடுவதால் சோதனைக் கூடத்தில் பேனல் சூடாக நேரமே இருப்பதில்லை. நம்ம ஊர் மாடியில் முழு வெயிலும் 25 டிகிரி செல்லும் ஒன்றாக அமைவது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

பேனல் ஏன் காற்றைவிடச் சூடாகிறது?

ஒரு சதுர மீட்டர் பேனல் மீது 1000 வாட் வெயில் விழுவதாக வைத்துக்கொள்வோம். இன்றைய நல்ல பேனல் அதில் சுமார் 200 வாட்டை மின்சாரமாக மாற்றும். கொஞ்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி விடும். மீதமுள்ள சுமார் 700 வாட் அப்படியே சூடாக மாறும். 700 வாட் என்பது வீட்டில் இருக்கும் ஓர் இஸ்திரிப் பெட்டியின் சக்திக்குச் சமம். ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஓர் இஸ்திரிப் பெட்டியை ஆன் செய்து வைத்தது போல.

இந்தச் சூடு வெளியேற வழி வேண்டும். பேனலின் முன்பக்கமும் பின்பக்கமும் உரசிப் போகும் காற்று ஒரு பங்கை எடுத்துச் செல்லும். இன்னொரு பங்கு வானத்தை நோக்கிக் கதிர்வீச்சாகப் போகும். உள்ளே வரும் சூடும் வெளியே போகும் சூடும் எந்த இடத்தில் சமமாகிறதோ, அதுதான் பேனலின் வெப்பநிலை. எனவே அதைத் தீர்மானிப்பவை நான்கு: காற்றின் வெப்பநிலை, வெயிலின் அளவு, காற்றின் வேகம், பேனலைப் பொருத்திய விதம்.

சூடானால் மின்சாரம் ஏன் குறைகிறது?

சிலிக்கான் செல்லில் சூடு ஏற ஏற வோல்டேஜ் இறங்கும். கரண்ட் லேசாக ஏறினாலும் வோல்டேஜ் இழப்பை அது ஈடு செய்யாது. மொத்தத்தில் மின்சாரம் குறையும்.

எவ்வளவு குறையும் என்பதைப் பேனலின் தகவல் தாளிலேயே கொடுத்திருப்பார்கள். 'அதிகபட்ச சக்தியின் வெப்பநிலைக் குணகம்' என்ற வரியில், மைனஸ் குறியுடன் ஓர் எண் இருக்கும். பழைய பாலி வகைப் பேனல்களில் இது டிகிரிக்கு 0.4 சதவீதம் அல்லது அதற்கு மேல். மோனோ பெர்க் வகையில் 0.35 சதவீதத்தை ஒட்டி இருக்கும். புதிய டாப்கான் வகையில் சுமார் 0.3. ஹெட்டரோஜங்ஷன் வகையில் 0.25-ஐ ஒட்டி வரும். எண் சிறியதாக இருந்தால் சூட்டில் இழப்பு குறைவு என்று பொருள்.

கணக்குக்கு மூன்று எண்கள் போதும்

தகவல் தாளில் 'என்.ஓ.சி.டி' என்று ஒரு வரி இருக்கும். புதிய பேனல்களில் 'என்.எம்.ஓ.டி' என்று இருக்கும். இயங்கும்போது செல் வழக்கமாக எட்டும் வெப்பநிலை என்று இதைப் புரிந்துகொள்ளலாம். அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் 1970-களில் உருவான முறை இது. காற்று 20 டிகிரி, வெயில் 800 வாட், காற்றின் வேகம் நொடிக்கு 1 மீட்டர், பின்புறம் திறந்த ஸ்டாண்ட். இந்த நிலையில் செல் எத்தனை டிகிரிக்குப் போகிறது என்பதே அந்த எண். பெரும்பாலான பேனல்களில் இது 45-ஐ ஒட்டி இருக்கும்.

இனி சூத்திரம்:

பேனல் வெப்பநிலை = காற்றின் வெப்பநிலை + (என்.ஓ.சி.டி − 20) ÷ 800 × வெயிலின் அளவு

என்.ஓ.சி.டி 45 என்றால் 25-ஐ 800-ஆல் வகுக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு 100 வாட் வெயிலுக்கும் பேனல் காற்றைவிட 3 டிகிரிக்குச் சற்று மேல் சூடாகும். மனக்கணக்குக்கு இது போதும்.

மே மாத மதியம்: போட்டுப் பார்ப்போமா?

காற்று 38 டிகிரி. வெயில் 900 வாட். என்.ஓ.சி.டி 45. குணகம் 0.35.

பேனல் வெப்பநிலை: 38 + 28 = 66 டிகிரி.
25-ஐ விட அதிகம்: 41 டிகிரி.
இழப்பு: 41 × 0.35 = சுமார் 14.4 சதவீதம்.

வெயில் 1000-க்குப் பதில் 900 என்பதால், 3 கிலோவாட் அமைப்புக்கு முதலில் கிடைப்பது 2,700 வாட். அதில் 14.4 சதவீதம் போக மிச்சம் சுமார் 2,310 வாட். இன்வெர்ட்டர் 3 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். வயர், தூசி போன்றவற்றுக்கு 5 சதவீதம் என்று வைப்போம். கடைசியில் திரையில் தெரிய வேண்டியது சுமார் 2,130 வாட்.

ஆக, மே மாத மதியத்தில் 3 கிலோவாட் அமைப்பு 2.1 அல்லது 2.2 காட்டினால் அது கோளாறு இல்லை. இயற்பியல் அப்படித்தான்.

ஜனவரியில் எப்படி?

ஜனவரி மதியம் காற்று 28 டிகிரி, வெயில் 800 வாட் என்று எடுத்துக்கொள்வோம். பேனல் 28 + 25 = 53 டிகிரி. இழப்பு 9.8 சதவீதம். 3 கிலோவாட்டில் 800 வாட் வெயிலுக்குக் கிடைப்பது 2,400. சூட்டு இழப்பு போக சுமார் 2,165 வாட்.

மே மாதத்தின் 2,310 வாட்டோடு ஒப்பிடுங்கள். வெயில் 11 சதவீதம் குறைந்தும், மின்சாரம் குறைந்தது 6 சதவீதம்தான். மிச்சத்தைக் குளிர்ச்சி ஈடுகட்டி விட்டது. 'வெயில் காலத்துல பெரிசா ஏறலையே' என்று தோன்றுவதற்கு இதுதான் காரணம். பேனலுக்குத் தேவை வெளிச்சம். சூடு அதற்கு எதிரி.

மேகம் விலகும் நேரத்தில் சில நிமிடங்கள் ஆப்பில் திடீரென உச்சம் தெரிவதும் இதனால்தான். மேகத்தில் பேனல் ஆறி இருக்கும். வெயில் பட்டென்று அடிக்கும்போது, சூடேறுவதற்குள் நல்ல மின்சாரம் வந்து விடும். பிறகு மெல்ல இறங்கும். எனவே ஒரு நொடியின் எண்ணை வைத்து முடிவு செய்யாமல், 15 நிமிடச் சராசரியைப் பார்ப்பது நல்லது.

காற்று அடித்தால் எத்தனை டிகிரி இறங்கும்?

மேலே பார்த்த சூத்திரத்தில் காற்றின் வேகத்துக்கு இடமே இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் சூத்திரங்களில் ஒன்று, இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் பேனல்களை அளந்து டேவிட் ஃபைமன் 2008-ல் வெளியிட்டது. அதுவும் எளிதுதான்:

பேனல் வெப்பநிலை = காற்றின் வெப்பநிலை + வெயில் ÷ (25 + 6.84 × காற்றின் வேகம்)

வேகத்தை நொடிக்கு மீட்டரில் போட வேண்டும். வானிலை ஆப் மணிக்குக் கிலோமீட்டரில் காட்டினால் 3.6-ஆல் வகுத்துக்கொள்ளலாம். அதே 38 டிகிரி, 900 வாட் மதியத்துக்குக் கிடைக்கும் விடைகள்:

- காற்றே இல்லை: 74 டிகிரி
- நொடிக்கு 1 மீட்டர்: 66 டிகிரி
- நொடிக்கு 3 மீட்டர்: 58 டிகிரி
- நொடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர்: 53 டிகிரி

இலை அசையாத மதியத்துக்கும் நல்ல காற்று வீசும் மதியத்துக்கும் 21 டிகிரி வித்தியாசம். மின்சாரத்தில் அது 7 சதவீதம். சென்னையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வந்தால் மனிதர்கள் மட்டுமல்ல, பேனல்களும் மூச்சு விடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வானிலை நிலையங்கள் காற்றைத் திறந்த வெளியில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளக்கின்றன. நாலு பக்கமும் அடுக்குமாடி சூழ்ந்த வீட்டு மாடியில் அதில் பாதிகூட வராமல் போகலாம். நெருக்கமான தெருவில் இருப்பவர்கள் ஆப் காட்டும் வேகத்தை அப்படியே போடக் கூடாது.

பேனலுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி?

வானிலை நம் கையில் இல்லை. பொருத்தும் விதம் நம் கையில் இருக்கிறது. சோலார் வடிவமைப்பாளர்கள் பயன்படுத்தும் பிவிசிஸ்ட் மென்பொருளில், பேனல் எவ்வளவு எளிதாகச் சூட்டை வெளியேற்றும் என்பதற்கு ஒரு மதிப்பெண் உண்டு. பின்புறம் முழுக்கத் திறந்திருந்தால் 29. கூரைக்கும் பேனலுக்கும் நடுவே காற்று போகும் வழி மட்டும் இருந்தால் 20. பின்புறம் அடைபட்டு இருந்தால் 15.

அதே மே மாத மதியத்துக்கு இந்த முறையில் கணக்கிட்டால், 20 சதவீதத் திறன் கொண்ட பேனல் முதல் வகையில் சுமார் 60 டிகிரி, இரண்டாவதில் 70, மூன்றாவதில் 81 டிகிரி வரும். முதலுக்கும் மூன்றாவதுக்கும் மின்சார வித்தியாசம் சுமார் 7 சதவீதம்.

முந்தைய சூத்திரத்தில் 66 வந்ததே, இங்கே 60 என்கிறதே என்று கேட்கலாம். கணக்குக்குக் கணக்கு இப்படிச் சில டிகிரி மாறும். 6 டிகிரி பிசகினாலும் மின்சாரத்தில் 2 சதவீதம்தான் மாறும் என்பதால் வீட்டுத் தேவைக்கு எந்த முறையும் போதும்.

தகர ஷீட் கூரையோடு ஒட்டிப் பேனலைப் பொருத்துவது மலிவாக முடியும். ஆனால் இழப்பு தினமும் தொடரும். 3 கிலோவாட் அமைப்பு நாளுக்கு 12 யூனிட் தருவதாக வைத்துக்கொண்டால், நாள் முழுவதற்குமான சராசரி இழப்பு 4 சதவீதம் கூடினாலே ஆண்டுக்கு 175 யூனிட் போய் விடும்.

பிரச்சினை மின்சாரத்தோடு முடியவில்லை. வழக்கமான சர்வதேசத் தரச் சோதனைகள், பேனல் ஆண்டில் 2 சதவீத நேரத்துக்கு, அதாவது சுமார் 175 மணி நேரத்துக்கு மேல் 70 டிகிரியைத் தாண்டாது என்ற அடிப்படையில் அமைந்தவை. அதைத் தாண்டும் இடங்களுக்கு 'ஐ.இ.சி 63126' என்ற தனி வழிகாட்டு விதி இருக்கிறது. வெப்பமான ஊரில், கூரையோடு ஒட்டிய பேனல் இந்த எல்லையைத் தொடக்கூடும். பின்தாளும் ஒட்டுப்பசையும் சீக்கிரம் மூப்படைய சூடு ஒரு முக்கியக் காரணம்.

எந்த எண்ணை எடுக்கணும்? எதை எடுக்கக் கூடாது?

*காற்றின் வெப்பநிலை:* வானிலை மையம் சொல்வது நிழலில் அளந்தது. சூத்திரத்துக்குத் தேவையும் அதுதான். சிமென்ட் தளம் தகிக்கும் மாடியில் காற்று அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

*'உணரும் வெப்பநிலை' வேண்டவே வேண்டாம்:* ஆப்பில் '38 டிகிரி, உணர்வது 46' என்று இருந்தால், எடுக்க வேண்டியது 38. ஈரப்பதத்தில் வியர்வை காயாமல் மனித உடல் படும் பாட்டைச் சொல்லும் எண் 46. பேனலுக்கு வியர்ப்பதில்லை.

*வெயிலின் அளவு:* சூரியக் கதிர்வீச்சு என்ற பெயரில் சில வானிலைத் தளங்கள் மணிவாரியாகத் தருகின்றன. ஐரோப்பிய ஆணையத்தின் பிவிஜிஐஎஸ், நாசாவின் பவர் ஆகிய இலவச இணையச் சேவைகளில் இந்திய ஊர்களுக்கான பழைய ஆண்டுகளின் விவரங்களும் உண்டு. எதுவும் கிடைக்காவிட்டால், மேகமில்லாத கோடை மதியத்துக்கு 900 என்று வைத்துத் தொடங்கலாம்.

'சூட்டுல குறையுது சார்' என்பதை எப்போது நம்பக் கூடாது?

மேகமில்லாத அதே மே மாத மதியம், உங்கள் 3 கிலோவாட் அமைப்பு 1.6 கிலோவாட்தான் காட்டுகிறது என்று வைப்போம். அப்போதும் அதே பதில் வந்தால், கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

900 வாட் வெயிலில் இன்வெர்ட்டர், வயர், தூசி இழப்பு போக 2,490 வாட் வர வேண்டும். அது 1,600 ஆவதற்குச் சூட்டினால் மட்டும் சுமார் 36 சதவீதம் குறைய வேண்டும். 36-ஐ 0.35-ஆல் வகுத்தால் சுமார் 102 டிகிரி. 25-ஐக் கூட்டினால் 127 டிகிரி. அதாவது தண்ணீர் கொதிக்கும் நிலையையும் தாண்டிப் பேனல் சூடாகியிருக்க வேண்டும். எந்த மாடியிலும் அது நடக்காது.

அப்படியானால் காரணம் வேறு. தண்ணீர்த் தொட்டி, மரம், பக்கத்து வீட்டுச் சுவர் ஆகியவற்றின் நிழல், காக்கை எச்சம், தடித்த தூசி, இணைப்பு விட்டுப் போன ஒரு வரிசைப் பேனல், லைனில் அதிக வோல்டேஜ் வந்து இன்வெர்ட்டர் தன்னைக் குறைத்துக்கொள்வது என்று பட்டியல் நீளும். இன்வெர்ட்டரே வெயிலில் மாட்டப்பட்டிருந்தால், தன்னைக் காத்துக்கொள்ள உற்பத்தியைக் குறைக்கும். அதை நிழலில் மாட்டினாலே சரியாகி விடலாம்.

கணக்கிட்டதற்கும் கிடைப்பதற்கும் 5 சதவீதம் வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம். 15 சதவீதத்துக்கு மேல் பல நாள் தொடர்ந்தால், தேதி, நேரம், காற்றின் வெப்பநிலை, ஆப்பின் படம் ஆகியவற்றை வைத்து நிறுவியவரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். எண்ணோடு கேட்கும் கேள்விக்கு எண்ணோடுதான் பதில் சொல்ல வேண்டும்.

தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கலாமா?

உச்சி வெயிலில் வேண்டாம். 65 டிகிரிக் கண்ணாடி மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கண்ணாடி விரிசல் விடும் ஆபத்து உண்டு. உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் படிந்து வெளிச்சத்தையே மறைக்கும். கழுவுவதாக இருந்தால் காலை வெயில் ஏறும் முன் கழுவலாம். சூட்டைக் குறைக்க, பேனலுக்கு அடியில் காற்று ஓடும் வழியில் அட்டைப் பெட்டி, பழைய சாமான்கள் வைக்காமல் இருப்பதே நல்ல வழி. அது செலவில்லாததும் கூட.

குளிர் ஊர்களுக்கு எதிர்ப் பிரச்சினை

சூடானால் வோல்டேஜ் இறங்கும் என்றால், குளிர்ந்தால் ஏறும் அல்லவா? ஊட்டி போன்ற உறைபனி விழும் ஊர்களில் இது முக்கியம். 50 வோல்ட் பேனல்கள் 20-ஐ வரிசையாக இணைத்தால் 25 டிகிரியில் 1000 வோல்ட். டிகிரிக்கு 0.27 சதவீதம் ஏறும் என்றால், 5 டிகிரிக் காலையில் அது 1,054 வோல்ட். 1000 வோல்ட் மட்டுமே தாங்கும் இன்வெர்ட்டருக்கு அது ஆபத்து. எனவே வரிசையில் எத்தனை பேனல் என்பதை ஊரின் மிகக் குறைந்த வெப்பநிலையை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

- பேனலின் வெப்பநிலைக் குணகம் எவ்வளவு? என்.ஓ.சி.டி அல்லது என்.எம்.ஓ.டி எவ்வளவு?
- கூரைக்கும் பேனலுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விடப் போகிறீர்கள்?
- இன்வெர்ட்டர் நிழலில் வருமா?
- மே மாத மதியம் 12 மணிக்கு எத்தனை வாட் எதிர்பார்க்கலாம்?

கடைசிக் கேள்விக்கு 'முழு 3 கிலோவாட்டும் வரும்' என்று பதில் வந்தால், அவரிடம் இன்னும் நாலு கேள்வி கேட்டுவிட்டு முன்பணம் கொடுப்பது நல்லது. 2.1 முதல் 2.3 வரை என்று சொல்பவர் கணக்குத் தெரிந்தவர்.